மழை பொய்த்த வருசத்தில் ஊர்ப் பணத்தை எதில் போடுவது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் அநேகமாக எல்லாக் கிராமத்துக்கும் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சிங்கப்பூர், சவுதி, சென்னை என்று பிரிந்து கிடக்கும் ஊர்ப்பிள்ளைகள் கோயில் திருப்பணிக்குப் பணம் சேர்ப்பதுபோலவே, மழை இல்லாத வருசத்தில் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் சேர்க்கிறார்கள். பணம் சேர்ந்துவிடுகிறது. அதை எதில் போடுவது என்பதில்தான் பேச்சு இழுக்கிறது. கண்மாயைத் தூர்வாரலாம் என்கிறார் ஒருவர். வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி என்கிறார் இன்னொருவர். ஆழ்துளைக் கிணறு, இன்சூரன்ஸ், ரொக்கம், வைக்கோல் என்று யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். அதற்குள் சித்திரை வந்துவிடும்.

இந்த யோசனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே இதை எழுதுகிறேன். கணக்குக்காக ஐந்து லட்சம் ரூபாய் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரில் நாற்பது குடும்பங்கள். பெரும்பாலானவர்களுக்கு நாலைந்து ஏக்கர் மானாவாரி நிலமும் முப்பது உருப்படி அளவில் செம்மறியும் உண்டு. சிலருக்கு நிலம் கிடையாது, ஆடு மட்டும்தான். அடுத்த மழை விழும்போது இவர்கள் கையில் தாய் ஆடும் விதைநெல்லும் இருக்க வேண்டும், வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கக்கூடாது. அதற்கு இந்தப் பணம் எங்கே போக வேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணத்தில் பெரும்பங்கு தாய் ஆடுகளின் தீவனத்துக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால், விலை இறங்குவதற்குள், மற்ற ஆடுகளை நல்ல விலைக்கு விற்க ஊர் கைகொடுக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். மற்ற யோசனைகளில் சில அடுத்த வருசத்துக்கானவை, சில அரசின் கடமை.

மார்கழியிலேயே தெரிந்துவிடும்

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு வருசத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் ஊர்கள் இவை. கார்த்திகை கழிந்தும் கண்மாய் வெறுமையாகக் கிடந்தால், அடுத்த பெருமழைக்குப் பத்து மாதம் ஆகும் என்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் ஒரே ராத்திரியில் வரும். வறட்சியோ நமக்கு இரண்டு மூன்று மாத அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தைத்தான் நாம் பேசியே கழிக்கிறோம்.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வழக்கமாகக் கிடைக்க வேண்டிய 440 மில்லிமீட்டரில் 168 மில்லிமீட்டர்தான் கிடைத்தது. பற்றாக்குறை 62 சதவீதம். பயிர் கருகுவது கார்த்திகையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தது 2017 ஜனவரி 10 அன்று. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 3,000 ரூபாய் என்று நிவாரணம், நிலவரித் தள்ளுபடி, நூறு நாள் வேலையை 150 நாளாக்குவது என்று அறிவிப்புகள் வந்தன. நிவாரணத் தொகையாக 2,247 கோடி ரூபாய்க்கு உத்தரவு பிப்ரவரியில் வந்தது. அதற்குப் பிறகுதான் வங்கிக் கணக்கு.

கணக்கெடுத்து, அறிக்கை போய், மத்தியக் குழு வந்து பார்த்து முடிவதற்கு அரசுக்கு அவ்வளவு நாள் பிடிக்கத்தான் செய்யும். ஊர்ப் பணத்துக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. கார்த்திகைக் கடைசியில் கூடி, மார்கழி முதல் வாரத்தில் அது வேலையைத் தொடங்கலாம். தொகையில் நாம் அரசோடு போட்டி போட முடியாது, நாளில் முந்தலாம். அதனால் எந்த யோசனையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, இது எந்த மாதத்தில் குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேரும் என்பதைத்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த ஏக்கர் நிவாரணம், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராமத்தில் எழுதிவைக்கும் அடங்கலைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. வாய்மொழியாகக் குத்தகை பிடித்து உழுபவர் பெயர் பல நேரம் அடங்கலில் ஏறியிருக்காது. நிலமே இல்லாமல் ஆடு மேய்ப்பவர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார். அரசுப் பணம் போகாத இடம் எது என்று பார்த்து ஊர்ப் பணம் போவதுதான் நியாயம்.

அரிசி, கண்மாய், ஆழ்துளைக் கிணறு

அரிசியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் மாநிலம் இது. மளிகை, மருந்து, பள்ளிச் செலவு, வட்டி இவற்றுக்குத்தான் வறட்சியில் ஆடு விலைபோகிறது. அரிசி மூட்டை அதில் ஒன்றையும் தடுக்காது.

கண்மாய் அப்படி ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் இல்லை. எனக்கும் அதில் ஆசை உண்டு. வரத்துக்கால் அடைபட்டு, உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டி, மடை உடைந்து கிடக்கும் கண்மாயைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. காய்ந்து கிடக்கும்போதுதான் தூர்வாரவும் முடியும். 2017-இல், ஊராரும் சேர்ந்து நீர்நிலைகளைச் சீர்செய்யும் குடிமராமத்து மறுபடி தொடங்கியதும், விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக அள்ளிக்கொள்ள வழி செய்ததும் இதே நியாயத்தில்தான். ஆனால் தூர்வாரிய கண்மாய் பலன் தருவது அடுத்த ஐப்பசியில். அந்த ஐப்பசிக்குள் ஆடு போய்விட்டால், நிறைந்த கண்மாயின் கரையில் மேய்க்க ஒன்றும் இருக்காது. பொக்லைன் வாடகையில் ஐந்து லட்சம் கரைந்துபோவதையும் பார்க்கிறோம். கூலியாக அதில் ஒரு ரூபாய்கூட ஊர்க் குடும்பத்துக்குப் போவதில்லை. கண்மாய் வேலையை நீர்வளத் துறையிடமும் ஊராட்சியிடமும் அரசின் ஊரக வேலைத் திட்டத்திலும் கேட்டு வாங்க வேண்டும், அதற்காக மனு எழுதி அலைய ஊர் ஒன்றாக நிற்க வேண்டும். வறட்சிக்காகச் சேர்த்த ரொக்கத்தை அதில் போடக்கூடாது என்பது என் கருத்து.

ஆழ்துளைக் கிணற்றைப் பொறுத்தவரை, இந்தப் பகுதியின் பல இடங்களில் ஆழம் போகப் போக உப்புத் தண்ணீர்தான். நல்ல நீர் வரும் என்று ஊருக்கே தெரிந்த இடம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆட்டுக்குக் குடிநீர்த் தொட்டி கட்டி, அதை நாள்தோறும் நிரப்ப ஒருவரைப் போடுவது இதைவிட மலிவு. ஒரு செம்மறிக்குக் கோடையில் நாளுக்கு நாலைந்து லிட்டர் போதும். மாட்டுக்கு அதைப்போலப் பத்து மடங்கு வேண்டும்.

இன்சூரன்ஸ் எங்கே உதவும், எங்கே உதவாது

பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. பிரீமியம் கட்டியும் பணம் வரவில்லை என்பவர்களும், அது மட்டும் இல்லையென்றால் அந்த வருசம் ஊரைவிட்டே போயிருப்போம் என்பவர்களும் ஒரே தெருவில் இருப்பார்கள். இரண்டு பேச்சும் உண்மைதான். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காரீப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபியில் ஒன்றரை சதவீதம். மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் இழப்பைக் கணக்கிடுவது உங்கள் வயலைப் பார்த்து அல்ல. வருவாய்க் கிராமத்தில் அல்லது பல கிராமங்கள் சேர்ந்த பிர்க்காவில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து, அந்தச் சராசரியை எல்லாருக்கும் பொருத்துகிறார்கள். பக்கத்து ஏந்தலில் (சிறு கண்மாய்ப் பகுதியில்) ஒரு மழை கூடுதலாக விழுந்து அங்கே நெல் தேறிவிட்டால், உங்கள் கருகிய வயலுக்கும் சேர்த்துத்தான் பணம் குறையும். மேலும், இழப்பீடு வரும்போது பெரும்பாலும் அடுத்த விதைப்பே நெருங்கிவிடும். கோடையில் ஆட்டை விற்காமல் காப்பாற்ற அது உதவாது.

ஆக, பயிர்க் காப்பீடு கட்டாயம் வேண்டும், வறட்சி வந்த பிறகு அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. நவம்பர் நடுவில் பதிவு முடிந்துவிடும். ஊர்க் குழு செய்ய வேண்டியது ஐப்பசியிலேயே யார் யார் பதியவில்லை என்று பார்த்து, இ-சேவை மையத்துக்கோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ அழைத்துப்போவது. குத்தகைக்காரருக்கு அடங்கல் கிடைக்க கிராம நிர்வாக அலுவலரிடம் நாலு பேராகப் போய்ப் பேசுவது. இதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை, ஆள்தான் வேண்டும்.

கால்நடைக் காப்பீடு இன்னும் வேறு மாதிரி. தேசிய கால்நடை இயக்கத்தின்கீழ் வளர்ப்பவர் கட்ட வேண்டிய பங்கை 2024-இல் 15 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அது ஆடு செத்தால் வரும் பணம். அடையாளத்துக்குக் காதில் மாட்டிய வில்லை விழுந்துபோயிருந்தால் அதுவும் இழுபறி. ஆட்டைச் சாகவிடுவதற்கு முன்பே எந்தக் குடும்பமும் விற்றுவிடும். பாதி விலைக்கு விற்றதற்கு எந்தக் காப்பீடும் ஈடு தராது. நம் ஊரில் வறட்சியின் பெரிய நஷ்டம் அந்த விற்பனையில்தான் இருக்கிறது.

கென்யாவின் வடக்கே மார்சபிட் பகுதியில் 2010-இல் வேறு ஒரு முறையைத் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் படத்தில் மேய்ச்சல் நிலத்தின் பசுமை ஒரு அளவுக்குக் கீழே போனால், கால்நடை உயிரோடு இருந்தாலும் காப்பீட்டுப் பணம் வரும். செத்த மாட்டுக்கு ஈடு என்ற நிலையிலிருந்து, பிற்பாடு, சாவதற்கு முன்பே தீவனம் வாங்கப் பணம் என்ற நிலைக்கு அதை மாற்றினார்கள். செம்மறிக்கு அப்படி ஒரு திட்டம் ராமநாதபுரத்துக்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதை ஊர்க் குழுவால் உண்டாக்க முடியாது, கேட்க முடியும்.

முதலில் விற்பது

ஆடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு விற்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். முப்பது ஆட்டுக்கும் தீவனம் போட எந்தக் குடும்பத்தாலும் முடியாது, ஊராலும் முடியாது. எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தால் எல்லாம் சேர்ந்து மெலியும். சினையாடு குட்டி போட்டும் பால் இருக்காது. அப்புறம் சித்திரையில் மொத்தமாகக் கேட்ட விலைக்குப் போகும்.

விற்க வேண்டியவை எவை என்று மேய்ப்பவருக்குத் தெரியும். கிடாக்குட்டிகள், பல் விழுந்த ஆடுகள், இரண்டு முறை சினை பிடிக்காமல் போனவை. வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு பல், நாலு பல் முளைத்த இளம் ஆடுகளும், நன்றாக ஈன்று பழகிய தாய் ஆடுகளும், ஒரு பொலிகிடாவும். ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆடுகளை விற்காமல் பெருக்கினால் மந்தை வருசத்துக்கு நாற்பது சதவீதம் கூடும் என்று எடுத்தால், பன்னிரண்டு ஆடு மூன்று வருசத்தில் மறுபடி முப்பதைத் தாண்டும். நாலு ஆடு மட்டும் மிஞ்சினால் அதே முப்பதுக்கு ஆறு வருசம். ஒன்றும் மிஞ்சாவிட்டால் கடன்தான் வழி. அந்த ஆறு வருசத்துக்குள் இன்னொரு வறட்சி வராது என்று நம்ப முடியாது.

எப்போது விற்பது என்பதும் முக்கியம். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டிருப்பவர்களும் விரதக்காரர்களும் அதிகம், கறி வியாபாரம் மந்தம். பொங்கல் சமயத்தில் விலை எழும்பும். மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில்களில் வெட்டுக்குக் கிடா தேடி ஆட்கள் வருவார்கள். மழை பொய்த்த வருசத்தில் அந்தச் சிவராத்திரிதான் கடைசி நல்ல சந்தை. பங்குனியில் எல்லா ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் மெலிந்த ஆடுகள் வந்து இறங்கும்.

இதில் ஊர்ப் பணம் என்ன செய்யும்? வீட்டு வாசலில் வந்து கையால் தூக்கிப் பார்த்து மதிப்பு விலை சொல்லும் வியாபாரிக்கு எதிரே குடும்பம் தனியாக நிற்கிறது. ஊருக்குப் பொதுவாக ஒரு தொங்கு தராசு, பரமக்குடி வியாழக்கிழமைச் சந்தைக்கோ திருமங்கலம் வெள்ளிச் சந்தைக்கோ எட்டயபுரம் சனிச் சந்தைக்கோ சேர்ந்து போக லாரி வாடகை, சந்தை நிலவரம் தெரிந்த ஒரு ஆள். இவ்வளவுதான். முப்பதாயிரம் ரூபாய்க்குள் முடியும் வேலை. நாற்பது குடும்பமும் பதினெட்டு ஆடு வீதம் விற்று, ஆட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால்கூட, அது மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

எத்தியோப்பியாவின் தெற்கே மொயாலேயில் 2006 வறட்சியில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். தொண்டு நிறுவனமும் கால்நடைத் துறையும் வியாபாரிகளை அழைத்துவந்து, அவர்களுக்குக் கடனும் கொடுத்து, ஏறத்தாழ 20,000 மாடுகளை வாங்க வைத்தார்கள். அந்தப் பணத்தில் மேய்ப்பர் குடும்பங்கள் உணவு வாங்கின, மிச்சமிருந்த மாடுகளுக்குத் தீவனம் வாங்கின, மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றன. செலவுக்கும் பயனுக்குமான விகிதம் 1-க்கு 41 என்று மதிப்பிட்டார்கள். நம் சந்தை வேறு, அந்த விகிதம் நமக்கு வராது. ஆனாலும் விற்ற பணம் எங்கே போனது என்று பாருங்கள். சாப்பாட்டுக்குப் போனதுபோக, மிஞ்சிய கால்நடையைக் காப்பாற்றவும் போயிருக்கிறது.

தீவனம்

இனிக் கணக்குப் போடுவோம். இருபத்தைந்து கிலோ எடையுள்ள தாய் ஆட்டுக்கு நாளுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே உலர்தீவனம் வேண்டும். வறட்சி விலையில் வைக்கோல் கிலோ பத்து ரூபாய் என்றால் எட்டு ரூபாய். வைக்கோலில் சத்து மிகக் குறைவு என்பதால் ஒரு கை அடர்தீவனம், ஒரு நாலு ரூபாய்க்கு. மொத்தம் பன்னிரண்டு ரூபாய். பங்குனியிலிருந்து வைகாசி முடிய தொண்ணூறு நாள் தாண்ட வேண்டும், 1,080 ரூபாய் ஆகிறது. அதற்கு முன் கருகிய பயிரும் கண்மாய்ப் புல்லும் கொஞ்சம் ஓட்டும், பின்னால் கோடை மழையும் ஆவணி மழையும் கைகொடுக்கும். எட்டாயிரம் பெறும் தாய் ஆட்டைச் சித்திரையில் நாலாயிரத்துக்கு விற்று, மழை பெய்த பிறகு ஒன்பதாயிரம் கொடுத்து வாங்குவதாக வைத்தால் நஷ்டம் ஐயாயிரம். ஆயிரம் ரூபாய்த் தீவனம் அந்த ஐயாயிரத்தைத் தடுக்கிறது. விலைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள், விடை பெரிதாக மாறாது.

மாட்டுக்கு இந்தக் கணக்கு நிற்காது. நாளுக்கு ஆறு கிலோ வைக்கோலும் ஒரு கிலோ அடர்தீவனமும் சேர்ந்து தொண்ணூறு ரூபாய், தொண்ணூறு நாளுக்கு எண்ணாயிரத்துக்கு மேல். ஒரு மாட்டுக்கான பணத்தில் ஏழு தாய் ஆடுகள் பிழைக்கும். கறவையில் இருக்கும் மாடு தன் செலவைத் தானே ஓரளவு ஈட்டும், சினைமாட்டையும் விடமுடியாது. மற்ற மாடுகளுக்கு அரசின் உலர்தீவனக் கிடங்கைத்தான் நாட வேண்டும். முந்தைய வறட்சிகளில் கிலோ இரண்டு ரூபாய்க்கு வைக்கோல் கொடுத்திருக்கிறார்கள். கிடங்கு எங்கே திறக்கிறது என்று விசாரித்து, மாடு வைத்திருப்பவர்களைக் கால்நடை மருந்தகத்தில் பதிய வைப்பது குழுவின் வேலை. வைக்கோலை யூரியாவில் பதப்படுத்தும் முறையும் மாட்டுக்கு நல்லது. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, அறுபது லிட்டர் தண்ணீர், காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைப்பது. அளவு தவறினால் விஷம், கன்றுகளுக்குக் கொடுக்கக்கூடாது, மருத்துவர் ஒருமுறை வந்து செய்துகாட்டிய பிறகே தொடங்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் பீட், உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) போன்ற மாவட்டங்களில் 2012–13, 2018–19 வறட்சிகளில் கால்நடை முகாம்கள் நடத்தினார்கள். மாட்டை முகாமில் கட்டி, வீட்டு ஆள் ஒருவர் கூடவே மாதக்கணக்கில் தங்குவார். பெரிய மந்தைக்கும் பெரிய மாவட்டத்துக்கும் அது சரி. நம் அளவுக்குத் தீவனம் வீடு தேடிப் போவதே மேல். ஆட்டோடு ஒருவர் முகாமில் உட்கார்ந்துவிட்டால் கூலிக்குப் போக ஆள் இருக்காது, ஒரே இடத்தில் அடைந்தால் ஆட்டுக்கொல்லி நோய் பரவும்.

வைக்கோலை எப்போது வாங்குவது? மறுபடியும் நாள்தான் முக்கியம். தை அறுவடையில் காவிரி டெல்டாவில் எந்திரக் கட்டு வைக்கோல் மலிவாகக் கிடைக்கும், சித்திரையில் அதே கட்டு இரண்டு மூன்று மடங்கு விலை. தையில் லாரியில் இறக்கி, மேடான இடத்தில் படப்பு போட்டு, மேலே தார்ப்பாய் மூடினால் போதும். டெல்டாவும் காய்ந்த வருசமாக இருந்தால் கிணற்றுப் பாசனம் உள்ள பகுதிகளைத் தேட வேண்டும்.

இன்னொரு தீவனம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நிலத்தைக் கெடுத்த சீமைக்கருவேலத்தை நான் ஆதரித்துப் பேசவில்லை. ஆனால் கோடையில் அது உதிர்க்கும் நெத்து நல்ல சத்துள்ளது, ஆடு விரும்பித் தின்னும். அதைக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வைத்து ஊர்க் குழு வாங்கினால், பொறுக்கி வருவது பெரும்பாலும் நிலமில்லாத பெண்களாக இருப்பார்கள். கூலியும் ஊருக்குள் நிற்கும், தீவனமும் சேரும். வெயிலில் நன்றாக உலர்த்தி, பொடித்து, தீவனத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும். வேம்பு, வாகை, பூவரசு, குடைவேலங்காய் இவையும் மேய்ப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். சோளத்தில் மட்டும் கவனம் வேண்டும். தண்ணீரில்லாமல் குத்துக்குத்தாக வாடி நிற்கும் இளஞ்சோளம் ஒரு மணி நேரத்தில் மந்தையைச் சாய்த்துவிடும். அறுத்து நன்றாக உலர்த்திய பிறகே போட வேண்டும்.

மண்ணில்லாமல் தட்டில் மக்காச்சோளம் முளைக்கவைக்கும் தீவனத்தை இப்போது பலர் பரிந்துரைக்கிறார்கள். பச்சையாகப் பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு கிலோ விதை ஆறேழு கிலோவாகப் பெருகுவது பெரும்பாலும் தண்ணீர், உலர் எடை கூடுவதில்லை. அந்த மக்காச்சோளத்தை உடைத்து அப்படியே ஆட்டுக்குக் கொடுக்கலாம்.

வலசை போகிறவர்கள்

மந்தையோடு ஊர் ஊராகப் போகும் மேய்ப்பர்களான கீதாரிகளின் கணக்கு வேறு. பல குடும்பத்து ஆடுகளை ஒன்றாகச் சேர்த்து, பொங்கல் கழிந்ததும் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களுக்கு ஓட்டிச் செல்வார்கள். ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்ட வயலுக்கு உரம், இவர்களுக்குக் கூலி. மேய்ச்சலும் வருமானமும் சேர்ந்து கிடைக்கும் இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த வறட்சிப் பாதுகாப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. ஊரில் உட்கார வைத்து வைக்கோல் கொடுப்பதைக் காட்டிலும், இவர்கள் நல்லபடியாகப் போய்வர உதவுவது மலிவு.

சிக்கல், காவிரி வறண்டால் அங்கேயும் வயல் தரிசு. 2012-இலிருந்து 2019 வரை மேட்டூர் அணை, பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்க வேண்டிய ஜூன் 12-இல் திறக்கப்படவே இல்லை. அப்படிப்பட்ட வருசங்களில் எங்கே அறுவடை நடக்கிறது, எங்கே குடிநீர் இருக்கிறது என்ற செய்தி முன்கூட்டியே தெரிவதுதான் பெரிய உதவி. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் தொடர்புகள் இதற்குப் பயன்படும். சினையாடுகளையும் பால்குட்டிகளையும் நடத்திக் கூட்டிப்போகாமல் ஏற்றிச்செல்ல லாரி வாடகை, கிடைக்கு விரிக்கும் வலை, ஆட்டுத் திருட்டு நடந்தால் போலீஸ் நிலையத்துக்குக் கூடவே வந்து பேச ஒரு ஆள். போகிற பெற்றோரின் பிள்ளைகள் ஊரில் தங்கிப் படிக்க ஏற்பாடு. அறுபதாயிரம் ரூபாயில் இதில் நிறையச் செய்யலாம்.

பணத்தைப் பிரித்தால்

தாய் ஆட்டுத் தீவனத்தைக் குடும்பத்துக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டாம், பாதி விலைக்குக் கொடுக்கலாம். முன்பே விற்ற ஆட்டுப் பணம் அவர்களிடம் இருக்கும். நாற்பது குடும்பத்துக்குப் பன்னிரண்டு வீதம் 480 ஆடு, மொத்தச் செலவு சுமார் ஐந்தே கால் லட்சம், ஊரின் பங்கு இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். இதுதான் பெரிய செலவு. சந்தைக்கு முப்பதாயிரம், வலசைக்கு அறுபதாயிரம் போனால் ஒன்றரை லட்சம் மிஞ்சும்.

அதில் ஐம்பதாயிரத்தை ரொக்கமாக வைக்கச் சொல்வேன். விற்க ஆடு இல்லாத வீடு, கணவனை இழந்தவர், ஆஸ்பத்திரிச் செலவில் விழுந்தவர் இவர்களுக்கு, கேள்வி கேட்காமல், வங்கிக் கணக்கிலேயே. தீவனம் வாங்கிவைத்தும் ஒரு பிரசவச் செலவுக்குத் தாய் ஆடு போய்விடுவதை இது தடுக்கும்.

விதைக்கு நாற்பதாயிரம். வறட்சிக் கோடையில் விதைநெல்லும் அடுப்புக்குப் போகும். நொறுங்கன், சித்திரைக்கார் போன்ற இந்த மண்ணின் நெல் விதைகளைப் போனவருசம் விளைந்தவரிடமே விலைக்கு வாங்கி ஊரில் சேர்த்துவைக்கலாம். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த அண்ணா ஆர் 4 நெல் குறுகிய நாளில் வருவது, மேட்டு நிலத்துக்குக் குதிரைவாலி. கருகிய பயிரில் ஆட்டை மேயவிடுவதற்கு முன், அறுவடைப் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்த வயலா என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். இழப்பீட்டில் வில்லங்கம் வந்தால் ஊருக்கே நஷ்டம்.

மருந்துக்கு முப்பதாயிரம். தடுப்பூசி அரசு மருந்தகத்தில் கிடைக்கும், குடற்புழு நீக்கத்துக்கும் தாது உப்புக்கும்தான் செலவு. கோடை முழுக்கத் தாக்குப்பிடித்த ஆடு முதல் மழையில் சாவதை இந்தப் பகுதியில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வெறும் வயிற்றில் இளம்புல்லை மேய்ந்து துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும், நனைந்து குளிரும். ஆவணிக்கு முன்பே துள்ளுமாரித் தடுப்பூசியும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். முதல் மழை விழுந்த பிறகும் பத்து நாளுக்கான வைக்கோல் படப்பில் மீதி இருக்க வேண்டும், காலையில் அதைக் கொஞ்சம் தின்றுவிட்டே ஆடு மேய்ச்சலுக்குப் போகட்டும். கடைசி முப்பதாயிரத்தைத் தொடாமல் புரட்டாசி வரை வைத்திருங்கள். ஐப்பசியும் பிந்தினால் அது தேவைப்படும்.

எந்தக் குடும்பத்துக்கு எத்தனை தாய் ஆடு என்ற பட்டியலை வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் போடக்கூடாது. ஆடு மேய்க்கும் பெண்கள் இருவராவது குழுவில் இருக்க வேண்டும், பட்டியலை ஊர்ச் சாவடியில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். எந்த ஆடு சினை, எது கிழடு, யார் வீட்டில் உண்மையில் எத்தனை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மார்கழி பிறப்பதற்குள் அந்தப் பட்டியல் கையில் இருந்தால், தையில் வைக்கோல் லாரிக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.